ஆட்டிசம் மதிப்பீடு: தேதிக்குக் காத்திருக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தைக்கு ஆட்டிசம் இருக்குமோ என்று சந்தேகம். மருத்துவர் பரிந்துரைக் கடிதம் கொடுத்துவிட்டார், பெயரும் பதிந்தாயிற்று. ஆனால் மதிப்பீட்டுக்குத் தேதி கிடைக்கப் பல மாதங்கள், சில சமயம் ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும் என்கிறார்கள். பெற்றோர் அதிகம் தடுமாறுவது இந்த இடைவெளியில்தான்.

இதில் பெரிய தவறு, ‘ரிப்போர்ட் வரட்டும், அப்புறம் தெரபி ஆரம்பிக்கலாம்’ என்று இருந்துவிடுவது. ஸ்பீச் தெரபிஸ்டைப் பார்க்கப் பேச்சு வரவில்லை என்ற காரணமே பெரும்பாலும் போதும். சத்தம், தொடுதல், சாப்பாடு, உடை இவற்றில் குழந்தை சிரமப்பட்டால் அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் 2 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளின் பெற்றோருக்கென்று ஒரு பயிற்சியை உருவாக்கியிருக்கிறது. ஆட்டிசம் என்று உறுதியாகாதவர்களுக்கும் அது பொருந்தும். விளையாட்டையும் அன்றாட வேலைகளையும் வைத்தே குழந்தையோடு எப்படிப் பேச்சுப் பழகுவது என்பதுதான் அதன் சாரம். குளிப்பாட்டும்போது குழந்தை தண்ணீரைத் தட்டுகிறதா? நீங்களும் தட்டுங்கள், ‘தண்ணி’ என்று சொல்லுங்கள், சில நொடி சும்மா இருங்கள். ஒரு பார்வையோ சத்தமோ வந்தாலும் அது பதில்தான். இதை இன்றைக்கே தொடங்கலாம்.

காது பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். டிவி சத்தத்துக்கு ஓடி வருகிற குழந்தைக்கும் ஓரளவு கேட்கும் குறை இருக்கலாம்.

அடுத்தது, ஆட்டிச அறிகுறிகள் பற்றிப் பெற்றோர் பதில் சொல்லும் எம்-சாட் கேள்வித்தாளின் விடையையே இறுதி முடிவாக எடுத்துக்கொள்வது. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான அந்த 20 கேள்விகள், மேற்கொண்டு பார்க்க வேண்டுமா என்பதை மட்டுமே சொல்லும். மதிப்பெண் நன்றாக வந்தும் உங்கள் மனம் உறுத்தினால் மறுபடி கேளுங்கள். குழந்தையோடு நாள் முழுக்க இருப்பவர் நீங்கள்தான்.

வெறுங்கையோடு மதிப்பீட்டுக்குப் போகாதீர்கள். புது அறையில், புது மனிதர்கள் முன்னால் குழந்தை வேறு மாதிரி நடந்துகொள்ளும். வீட்டில் விளையாடுவது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன செய்கிறது, மற்ற குழந்தைகளோடு எப்படி இருக்கிறது என்று சின்னச் சின்ன வீடியோக்களாக எடுத்து வையுங்கள். அழுகையையும் அடத்தையும் மட்டும் எடுக்காதீர்கள். குழந்தை எதில் மகிழ்கிறது என்பதும் தெரபிஸ்டுக்கு வேண்டும்.

காத்திருந்து சோர்ந்தவர்களைக் குறிவைத்து ‘ஆட்டிசத்தைக் குணமாக்குகிறோம்’ என்று வருபவர்கள் மேல் எனக்குக் கடும் கோபம் உண்டு. உடலிலிருந்து உலோகத்தை எடுப்பதாகச் சொல்லும் கீலேஷன் சிகிச்சையால் 2005இல் அமெரிக்காவில் ஒரு சிறுவன் இறந்தே போனான். தடுப்பூசியை நிறுத்திவைப்பதும் இதே ரகம்தான். தடுப்பூசியோடு ஆட்டிசத்தை முடிச்சுப்போட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

கடைசியாக, பெயர் கொடுத்துவிட்டோம் என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். கடிதம் போய்ச் சேர்ந்ததா, பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று போன் செய்து உறுதிசெய்யுங்கள். யாராவது வராமல் போனால் அந்த நேரத்தை எங்களுக்குத் தர முடியுமா என்றும் கேட்டு வையுங்கள். இடையில், பேசிக்கொண்டிருந்த சொற்களைக் குழந்தை இழந்தால் தேதி வரும் வரை காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.