மாடுலேட்டர் திருகைக் கடைசியில் தொடுங்கள்: பழைய மெர்சிடிஸின் ஆட்டோமேட்டிக் கியரைச் சீராக்கும் முறை

கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் பழைய டீசல் மெர்சிடிஸை ஓட்டி வருபவர்கள் பலரும் ஒரே குறையைச் சொல்வார்கள்: இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல வண்டி குலுங்குகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும், கியர் எவ்வளவு அழுத்தமாக மாற வேண்டும் என்பதை நிர்ணயிக்கும் மாடுலேட்டரின் திருகைத்தான் முதலில் திருப்புவார்கள். என் 1984ஆம் ஆண்டு 300டி காருக்கும் அதுவே நடந்தது. அந்தத் திருகு கடைசியாகத் தொட வேண்டியது என்பதை ஆறு மாத அலைச்சலுக்குப் பிறகுதான் புரிந்துகொண்டேன். இங்கே சொல்பவை டபிள்யூ 123 வரிசை டீசல் கார்களில் 1980களின் தொடக்கத்திலிருந்து வந்த 722.3 என்னும் நான்கு கியர் பெட்டிக்கானவை.

முதலில் குலுக்கல் கியர்பாக்ஸிலிருந்துதான் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் மவுண்டும் கியர்பாக்ஸ் மவுண்டும் நசுங்கியிருந்தாலோ, புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் ரப்பர் கப்ளிங்கில் வெடிப்பு விழுந்திருந்தாலோ, நன்றாக மாறும் கியர்கூட 'டொக்' என்று இடிக்கும். நாற்பது வயதான ரப்பரைக் கையால் அழுத்தி உறுதி என்று முடிவு செய்ய வேண்டாம். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, டார்ச் அடித்து வெடிப்பைத் தேட வேண்டும்.

அடுத்தது ஆயில். ஆயில் அளவை எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, சமதளத்தில், லீவர் 'பி' (பார்க்) நிலையில், ஆயில் சுமார் 80 டிகிரி சூட்டில் இருக்கும்போது பார்க்க வேண்டும். காலையில் குளிர்ந்த வண்டியில் அளவு குறைவாகத் தெரிவது இயல்புதான். அதைக் கண்டு ஊற்றிவிட்டால் சூடான பிறகு ஆயில் மிகுந்து நுரைத்துவிடும். குறைந்தபட்சக் கோட்டுக்கும் அதிகபட்சக் கோட்டுக்கும் இடையே வெறும் 0.3 லிட்டர்தான் என்பதால், ஊற்றும்போது கை தாராளமாக இருக்கக் கூடாது. டிப்ஸ்டிக்கைத் துடைக்கப் பட்டறையில் கிடக்கும் பழைய பனியன் துணியை எடுக்கவே எடுக்காதீர்கள். அதிலிருந்து உதிரும் ஒரு நூலிழை, ஆயிலைத் திசைதிருப்பிக் கியரை மாற்றும் வால்வு பாடிக்குள் போய் நுண்ணிய வால்வு ஒன்றைப் பிடித்துக்கொண்டால், அடுத்த செலவு பெரியதாகிவிடும்.

ஆயில் மாற்றும்போது அடியிலுள்ள பான் தட்டை மட்டும் வடித்தால் பழைய ஆயிலில் ஒரு பங்கு, எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரிலேயே தங்கிவிடும். இந்தப் பெட்டியின் கன்வெர்ட்டருக்கும் தனி வடிகால் திருகு உண்டு. கிராங்க் ஷாஃப்ட்டைக் கடிகார முள் திசையில் மெல்லச் சுற்றினால் கன்வெர்ட்டரை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் திறப்பில் அது கண்ணுக்குத் தெரியும். எக்காரணம் கொண்டும் எதிர்த்திசையில் சுற்றக் கூடாது. இரண்டு திருகுகளையும் புதிய வாஷருடன், 14 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகாமல் முறுக்குங்கள். ஃபில்டரையும் பான் கேஸ்கெட்டையும் மாற்றிவிட்டு, டெக்ஸ்ரான் 3 தர ஆயிலில் 4 லிட்டரை எஞ்சின் நின்றிருக்கும்போதே ஊற்றி, பிறகு ஸ்டார்ட் செய்து மிச்சத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். மொத்தம் ஆறு லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். வடித்த ஆயில் கறுத்து, தீய்ந்த வாடை அடித்து, பான் தட்டில் கிளட்ச் தகட்டின் துகள்கள் படிந்திருந்தால் மேற்கொண்டு எதையும் திருத்திப் பயனில்லை. பெட்டியைத் திறந்துதான் ஆக வேண்டும்.

ஆயில் சரியென்றால் ஆக்சிலரேட்டர் இணைப்புக்கு வாருங்கள். பெடலிலிருந்து இன்ஜெக்ஷன் பம்ப் வரை போகும் கம்பிகளின் பிளாஸ்டிக் புஷ்கள் தேய்ந்திருந்தால், காலை முழுதாக அழுத்தினாலும் பம்பின் நெம்புகோல் முழுதாகத் திரும்பாது. அதைச் சரிசெய்த பிறகே கியர்பாக்ஸுக்குப் போகும் கட்டுப்பாட்டுக் கேபிளைப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் எஞ்சின் ஐடிலில் ஓடுகையில் அந்தக் கேபிள் தொய்வாகவும் இருக்கக் கூடாது, இழுத்துப் பிடித்தும் இருக்கக் கூடாது. தொய்ந்திருந்தால் கியர் மிகச் சீக்கிரம் மாறும். இழுபட்டிருந்தால் மாறவே தாமதிக்கும்.

பெரும்பாலான குலுக்கலுக்குக் காரணம் வேக்குவம், அதாவது குழாய்களில் காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடம். பெட்ரோல் எஞ்சினில் வேக்குவம் தானாகவே கிடைக்கும். டீசல் எஞ்சினில் அப்படி இல்லாததால் தனி பம்ப் ஒன்று அதை உண்டாக்குகிறது. இன்ஜெக்ஷன் பம்பின் மேல் இருக்கும் ஒரு வால்வு, கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதற்கேற்ப அந்த வேக்குவத்தை மாடுலேட்டருக்கு அளந்து அனுப்புகிறது. ஐடிலில் அதிக வேக்குவம், முழு ஆக்சிலரேட்டரில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. வேக்குவம் குறைந்தால் பெட்டியின் உள்ளே அழுத்தம் கூடி கியர் முரட்டுத்தனமாக மாறும்.

என் வண்டியில் வேக்குவத்தைத் தின்றுகொண்டிருந்தது பின்கதவு. இந்தக் கார்களில் கதவுப் பூட்டுகளும், சாவியைத் திருப்பினால் எஞ்சினை நிறுத்தும் சாதனமும் அதே வேக்குவத்தில்தான் இயங்குகின்றன. சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் நான்கைந்து விநாடி ஓடிவிட்டே நின்றது; அதை நான் வயதின் அசதி என்று விட்டிருந்தேன். ஒரு நாள் பூட்டுகளுக்குப் போகும் கிளைக் குழாயைக் கழற்றி, துளையை அடைத்துவிட்டு காவேரிப்பட்டினம் வரை போய்வந்தேன். குலுக்கல் போய்விட்டது. ஆனால் பட்டறையில் மாடுலேட்டரை இளக்கி வைத்திருந்ததால், கியர் மாறும் நொடியில் எஞ்சின் வெறுமனே உறுமிவிட்டுப் பிடித்தது. இந்த வழுக்கல் குலுக்கலைவிடக் கெடுதல், ஏனெனில் கிளட்ச் தகடுகள் அப்போதுதான் எரிகின்றன.

நீங்கள் வேக்குவக் கசிவைத் தேடும்போது, அளவு காட்டும் முள்ளுள்ள வேக்குவக் கைப் பம்ப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மாடுலேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி மாடுலேட்டர் பக்கம் 15 அங்குலப் பாதரச அளவுக்கு இழுத்துப் பிடியுங்கள். முள் இறங்கினால் உள்ளிருக்கும் டயஃப்ரம் என்னும் சவ்வு கிழிந்திருக்கிறது. குழாயினுள் சிவப்பு ஆயில் தென்பட்டாலும் அதே பொருள்தான். பிறகு குழாய்களை இணைக்கும் ஒவ்வொரு ரப்பர் முழங்கையையும் வளைத்துப் பாருங்கள். நம் பக்கத்து வெயிலில் எஞ்சின் அறைக்குள் வெந்த ரப்பர் விரலில் பொடியும். அவற்றை மொத்தமாக மாற்றிவிடுவதே சிக்கனம்.

இவை எல்லாம் முடிந்த பிறகு மாடுலேட்டர். ரப்பர் மூடியை எடுத்து, உள்ளிருக்கும் ஆங்கில 'T' வடிவக் கைப்பிடியைச் சற்று வெளியே இழுத்துத் திருப்ப வேண்டும். கடிகார முள் திசையில் திருப்பினால் மாற்றம் உறுதியாகும், எதிர்த்திசையில் மென்மையாகும். ஒரு முறைக்கு அரைச் சுற்றுக்கு மேல் வேண்டாம். எத்தனை சுற்று, எந்தப் பக்கம் என்று தாளில் குறித்துவையுங்கள். நன்றாகச் சூடேறிய வண்டியை ஓசூர் ஏற்றத்தில் மிதமாக அழுத்தி ஓட்டினால் கியர் மாறுவது இடுப்பில் லேசாகத் தெரிய வேண்டும், எஞ்சின் உறுமக் கூடாது. தொப்பூர் கணவாயில் மட்டும் சோதனை வேண்டாம். அங்கே இறங்கும்போது லீவரை, மூன்றாம் கியருக்கு மேல் போகவிடாத 'எஸ்' நிலைக்குக் கொண்டுவந்து, லாரிகளுக்குப் பின்னால் பொறுமையாகப் போங்கள்.