ஊருக்குப் போகும் கமராவில் பதிந்துவைக்க வேண்டிய மூன்று செட்டிங்

கமரா டயலில் இருக்கும் சி1, சி2, சி3 (நமக்கு வேண்டிய செட்டிங்கைப் பதிந்துவைத்து, டயலைத் திருப்பியதும் எடுக்கும் இடங்கள்) பக்கம் பலர் திரும்புவதே இல்லை. நிக்கோனில் அது யு1, யு2. பயணத்துக்கு முன் ஒரு மாலை இருந்து அவற்றைப் பதிந்துவிடுங்கள். சாமி வீதிக்கு வந்த பிறகு மெனுவுக்குள் துழாவிக்கொண்டு நிற்க முடியாது.

முதலில் ஸ்டெபிலைசர். கனோனில் ஐஎஸ், நிக்கோனில் விஆர், பெயர் எதுவானாலும் அது சமாளிப்பது உங்கள் கை நடுக்கத்தை மட்டும்தான். எதிரே நிற்பவர் அசைந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அதை நம்பி 1/15 செக்கனில் சாமத்தியவீட்டை எடுத்தால், பின்னால் இருக்கும் சுவர் பளிச்சென்று விழும், ஆராத்தி எடுக்கும் மாமியின் கை கலங்கிப் போயிருக்கும். அதனால் எதிரே இருப்பது எவ்வளவு அசையும் என்று பார்த்துத்தான் நான் மூன்றையும் பிரிப்பேன்.

சி1 ஆட்களுக்கு. ஷட்டர் 1/250, ஆட்டோ ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறனைக் கமராவே கூட்டிக் குறைக்கும்), உச்சவரம்பு 6400. யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழா 25 நாள். 23ஆம் நாள் மாலை சப்பறம், 24ஆம் நாள் காலை தேர். தேருக்கு வெயில் இருக்கும், 1/500 வரை தாராளமாகப் போகலாம். சப்பறத்துக்கு வெளிச்சம் காணாது, ஐஎஸ்ஓ ஏறும். ஏறட்டும். பொரிபொரியாக இருக்கும் படத்தை அல்பத்தில் வைக்கலாம், முகம் கலங்கிய படத்தை என்ன செய்வது? கோயிலுக்குள் படம் எடுக்க விடமாட்டார்கள், வீதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சி2 அசையாதவற்றுக்கு: கோட்டை மதில், அம்மம்மாவின் நாற்சார் வீடு. ஐஎஸ்ஓ 400, ஸ்டெபிலைசர் ஓன். முற்றத்தில் வெயில் கொளுத்தும்போதும் உள் விறாந்தை இருட்டாகவே இருக்கும். தூணில் சாய்ந்து, மூச்சை விட்டு, அகல லென்ஸில் 1/15 வரை இறங்கலாம். நாலைந்து தொடர்ந்து எடுத்தால் ஒன்றாவது தேறும். முக்காலியில் வைத்தால், பழைய லென்ஸ் என்றால் ஸ்டெபிலைசரை நிறுத்திவிடுங்கள்.

சி3 படகுக்கு, ஷட்டர் 1/1000. குறிகட்டுவானில் இருந்து நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ போகையில் முழங்கையைப் படகு விளிம்பில் ஊன்ற வேண்டாம். எஞ்சின் அதிர்வு நேரே கமராவுக்கு ஏறும். கைகளை நெஞ்சோடு ஒட்டிப் பிடியுங்கள், அதிர்வை உடம்பு வாங்கட்டும். சில நிக்கோன் லென்ஸ்களில் இதற்கென்றே 'அக்ரிவ்' (Active) நிலை உண்டு. நெடுந்தீவுக் குதிரைகளுக்கும் இதே சி3 போதும். ஓடும் குதிரையோடு கமராவையும் திருப்பி, பின்னணி இழுபட எடுக்க ஆசையென்றால் ஷட்டரை 1/60 அளவுக்கு இறக்கி, கனோன் லென்ஸில் ஸ்டெபிலைசரின் மோட் 2ஐப் போடுங்கள். வழியில் கடற்படை முகாம்கள் வரும், அந்தப் பக்கம் கமராவைத் தூக்காதீர்கள்.

கனடா, அமெரிக்காவில் இருந்து போகிறவர்களுக்கு இன்னொன்று. அங்கே மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், இலங்கையில் 50. வீடியோவை என்ரிஎஸ்சியில் (60 ஹேர்ட்ஸ் நாடுகளின் வீடியோ முறை) விட்டு 1/60இல் எடுத்தால் கலியாண மண்டபத்து ரியூப்லைட்டின் கீழ் காட்சி முழுக்கத் துடிக்கும். 50 ஹேர்ட்ஸுக்கான பிஏஎல் முறைக்கு மாற்றி, செக்கனுக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 வையுங்கள். மாற்றும்போது சில கமராக்கள் கார்டை அழித்துப் போர்மட் பண்ணச் சொல்லும், ஆகவே இதை வெளிக்கிடும் முன்பே முடித்துவிட வேண்டும். மண்டபத்தில் படம் எடுக்கவும் சி1இன் ஷட்டரை 1/100க்கு இறக்குங்கள். சத்தம் வராத எலக்ட்ரோனிக் ஷட்டர் வேண்டாம், படத்தில் பட்டைபட்டையாகக் கோடு விழும்.

கனோனில் 'ஓட்டோ அப்டேட்' என்று ஒன்று இருக்கும், இடையில் மாற்றியதையும் அது தானே பதிந்துகொள்ளும், அதை நிறுத்தி வையுங்கள். அப்போதுதான் கமராவை ஓஃப் பண்ணிப் போட்டதும் சி1 நீங்கள் பதிந்தபடியே திரும்பி வரும். ஊரில் கமராவைக் கண்டால் சின்னப்பிள்ளைகள் வாங்கி எல்லாப் பொத்தானையும் ஒரு தரமாவது அமத்திப் பார்த்துவிட்டுத்தான் தருவார்கள்.