வீட்டுக் கணினியில் தமிழ் ஆவணங்கள்: லிப்ரெ ஆபிஸை அமைத்துக்கொள்ளும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் பழைய குடும்பங்கள் பலவற்றின் அலமாரிகளில் மலையாளத்தில் எழுதப்பட்ட நிலப் பத்திரங்கள் இன்னும் இருக்கின்றன. 1956 நவம்பர் 1 அன்று இந்த மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைவதற்கு முன்பு எழுதப்பட்டவை அவை. அவற்றை வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே, மூலத்தை எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்து, கீழே தமிழ் விளக்கத்தையும் சேர்த்து வைப்பது மிக அவசியமான வேலை என்பது என் உறுதியான எண்ணம். இதற்கு லிப்ரெ ஆபிஸ் என்ற இலவச மென்பொருளே போதும்.

ஓப்பன் ஆபிஸ் என்ற பழைய தொகுப்பிலிருந்து 2010-இல் கிளைத்த இதனை, தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கற்ற அறக்கட்டளை பராமரித்து வருகிறது. கடிதம், கட்டுரை போன்றவற்றுக்கு ரைட்டர், கணக்குக்குக் கால்க், படக்காட்சிக்கு இம்ப்ரெஸ் ஆகியவை இதில் அடங்கும். சந்தாவோ காலக்கெடுவோ கிடையாது. தேடுபொறியில் முதலில் வரும் ஏதோ ஒரு தளத்தை நம்பாமல், லிப்ரெஆபிஸ்.ஆர்க் என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே பதிவிறக்கிக்கொள்ள வேண்டும்.

தட்டச்சுக்குத் தனி மென்பொருள் தேவையில்லை. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். விண்டோஸ் விசையையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தி மொழியை மாற்றிக்கொள்ளலாம். மலையாளத்தையும் இதே இடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். இவ்வாறு தட்டச்சு செய்வது யூனிகோடு முறையில் அமைவதால், வேறு எந்தக் கணினியிலும் அதே எழுத்தாகவே தெரியும். பழைய டிடிபி எழுத்துருக்களில் அடித்த கோப்புகளை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரிவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

அடுத்து வருவதுதான் பெரும்பாலோர் தடுமாறும் இடம். ரைட்டரில் எழுத்துருவை மாற்றியும் தமிழ் மட்டும் மாறாமல் நிற்பதற்குக் காரணம், அது ஆங்கில எழுத்துக்கு ஒன்றும், இந்திய மொழிகளை உள்ளடக்கிய ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ (சுருக்கமாக சிடிஎல்) என்ற வகைக்கு வேறொன்றுமாக எழுத்துருவையும் அளவையும் தனித்தனியே வைத்திருப்பதுதான். டூல்ஸ் பட்டியலில் ஆப்ஷன்ஸைத் திறந்து, மொழிகளுக்கான பகுதியில் அந்த வகையின் கட்டத்தில் டிக் செய்து, தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பின்னர் அதே ஆப்ஷன்ஸில், ரைட்டர் பிரிவின் கீழ் உள்ள சிடிஎல் அடிப்படை எழுத்துருக்கள் என்ற பக்கத்தில், விரும்பும் எழுத்துருவை நிரந்தரமாக அமைத்துவிடலாம். தமிழும் மலையாளமும் இந்த ஒரே வகைக்குள் வருவதால், இரண்டும் கலந்த பத்திரப் படிக்கு இரண்டின் எழுத்துகளும் உள்ள எழுத்துருவே பொருத்தமானது. விண்டோஸில் உள்ள நிர்மலா யுஐ அத்தகையது. லதாவில் தமிழ் எழுத்துகள் இருந்தாலும் மலையாள எழுத்துகள் இல்லை.

தாளின் அளவையும் தொடக்கத்திலேயே ஏ4 என உறுதி செய்துகொள்ளுங்கள். இதைக் கவனிக்காமல், இரண்டு பக்க விண்ணப்பம் ஒன்றை டாக்எக்ஸ் (வேர்ட்) கோப்பாகப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு மார்த்தாண்டத்தில் ஒரு கடைக்கு அச்செடுக்கப் போனேன். அந்தக் கணினியில் எழுத்துரு மாறி, கையெழுத்துக்கான வரி மட்டும் தனியே மூன்றாம் பக்கத்தில் போய் விழுந்தது. அச்சுக்குக் கொடுப்பதை எப்போதும் ஃபைல் பட்டியலிலிருந்து பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்தே கொடுக்க வேண்டும். எழுத்துருவும் அதனுள்ளேயே சேர்ந்துவிடுவதால் பக்கம் கலையாது.

ரப்பர் ஷீட், ஒட்டுப்பால் விற்ற கணக்கைக் கால்க்கில் எழுதுவோர், மொழிப் பகுதியில் ‘லோகேல்’ என்பதை இந்தியா என்று மாற்றிக்கொள்ள வேண்டும். அது அமெரிக்க முறையில் இருந்தால், 5/6 என்று நீங்கள் எழுதும் ஜூன் 5 மே 6 ஆகப் பதிவாகிவிடும்.

இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவ மழையிலும் ஐப்பசி மழையிலும் மின்சாரம் சொல்லாமல் போகும் ஊர் இது. ஆப்ஷன்ஸில் லோட்/சேவ் பிரிவில் தானியங்கி மீட்பு 10 நிமிடத்துக்கு ஒருமுறை என்று இருப்பதை 2 அல்லது 3 நிமிடமாகக் குறைத்து, காப்பு நகல் எடுக்கும் கட்டத்திலும் டிக் செய்யுங்கள். மூலக் கோப்பை லிப்ரெ ஆபிஸின் சொந்த வடிவமான ஓடிடி (.odt) வடிவிலேயே சேமியுங்கள். அது 2006-இலேயே ஐஎஸ்ஓ தரமாக ஏற்கப்பட்ட திறந்த வடிவம் என்பதால், வேறு மென்பொருள்களாலும் திறக்க முடியும். வெளியூரில் இருக்கும் உடன்பிறந்தாருக்குப் பத்திரப் படியை அனுப்பும்போது, பிடிஎஃப் ஏற்றுமதிச் சாளரத்தில் ‘ஹைப்ரிட் பிடிஎஃப்’ என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். கைப்பேசியில் அது சாதாரண பிடிஎஃப் ஆகவே தெரியும். லிப்ரெ ஆபிஸில் திறப்பவர், வாசிக்க முடியாமல் விடுபட்ட ஒரு சர்வே எண்ணை அதிலேயே நிரப்பித் திருப்பி அனுப்பலாம்.