வக்காலத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு செய்யும் தவறுகள்

தமிழ்நாட்டு சிவில் கோர்ட்டுகளில் நல்ல வழக்குகள் பல தேதி தவறியே கெட்டுப்போகின்றன. வக்கீலுக்கு அதிகாரம் தரும் பத்திரமான வக்காலத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று, இனி வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று கட்சிக்காரர் ஒதுங்கிவிடுகிறார். கெடு தவறினால் அடி விழுவது என்னவோ கட்சிக்காரருக்குத்தான்.

முதலில் அந்த வக்காலத்தையே படித்துப் பாருங்கள். சமரசம் பேசவும், பணம் பெறவும், வழக்கை வாபஸ் வாங்கவும் அதிகாரம் தரும் வரிகள் அச்சடித்த படிவத்திலேயே இருக்கும். நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுப் பத்திரத்தில் கூடவே கூடாது. ‘ஜெயித்தால் இத்தனை சதவீதம்’ என்ற பேச்சும் வேண்டாம். அப்படி ஃபீஸ் பேச, வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதிகள் வக்கீலை அனுமதிக்கவில்லை.

சம்மன் கைக்கு வந்தால் எதிர்வாதவுரை தாக்கல் செய்ய 30 நாள். கோர்ட் காரணம் எழுதி 90 நாள் வரை நீட்டலாம். உங்கள் தரப்பில் யாரும் ஆஜராகாவிட்டால், உங்களைக் கேட்காமலே எக்ஸ்பார்ட்டி (ஒருதலைப்பட்ச) தீர்ப்பாகிவிடும். அதை ரத்து செய்யக் கேட்கவும் தீர்ப்பு நாளிலிருந்து 30 நாள்தான். சம்மன் முறைப்படி உங்களிடம் சேர்ப்பிக்கப்படவில்லை என்றால் மட்டும் தெரியவந்த நாளிலிருந்து கணக்கு. வாய்தா தேதியை வக்கீல் குமாஸ்தா சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் எண்ணுமாக 16 இடம் கொண்ட சிஎன்ஆர் என்ற அடையாள எண் உண்டு. கோர்ட்டுகளின் இகோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

அதிகம் பேர் சறுக்கும் இடம், தீர்ப்பின் நகல் கேட்டுப் போடும் நகல் மனு. முன்சீப் கோர்ட் தீர்ப்பு ஜூன் 1 என்று வைத்துக்கொள்வோம். சார்பு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். நகல் எடுக்க ஆகும் காலம் அந்த 30 நாளில் சேராது. ஆனால் எந்தக் காலம்? 11ஆம் தேதி மனு போட்டு, 25ஆம் தேதி நகல் தயார் என்றால் அந்த இடைவெளி மட்டும்தான். 2 முதல் 10 வரை சும்மா இருந்த ஒன்பது நாள் உங்கள் கணக்கு. தயாரான நகலை ஜூலை 5 அன்று சாவகாசமாக வாங்கினால் அந்தத் தாமதமும் உங்கள் கணக்கு. மனு போட்ட நாள், ஸ்டாம்ப் கேட்ட நாள், கட்டிய நாள், தயாரான நாள், வாங்கிய நாள் எல்லாம் நகலிலேயே குறித்திருக்கும். மேல்முறையீட்டுக் கோர்ட் அலுவலகம் முதலில் பார்ப்பதே அதைத்தான். ஆகவே தீர்ப்பு சொன்ன அன்றே நகல் மனு போட்டுவிடுவது நல்லது.

மே மாத விடுமுறையை மொத்தமாகக் கழித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. கடைசி நாள் விடுமுறைக்குள் விழுந்தால், கோர்ட் திறக்கும் முதல் நாளில் தாக்கல் செய்யலாம். சலுகை அவ்வளவே.

சரி, வக்கீல் மீது நம்பிக்கை போய்விட்டது. நேராக இன்னொருவரிடம் போய்ப் புது வக்காலத்தில் கையெழுத்துப் போட்டால் போதாது. பழைய வக்கீலின் சம்மதம் வேண்டும். அவர் தர மறுத்தால் காரணம் சொல்லி கோர்ட்டிடம் அனுமதி கேட்க வேண்டும். ஃபீஸ் பாக்கி என்று வழக்குக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை இல்லை. 2000இலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. பாக்கியை அவர் தனியாக வசூலித்துக்கொள்ள வேண்டியதுதான்.

சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவதும் வீண். வக்கீல் தொழில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் தீர்ப்பளித்துவிட்டது. தொழில் ஒழுங்கீனம் என்றால் போக வேண்டிய இடம் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில். வழக்கறிஞர் சட்டத்தின் 35ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. ரசீது, வாட்ஸ்அப் செய்தி, பணம் அனுப்பிய விவரம் என்று கையில் ஆதாரம் வேண்டும். வழக்குத் தோற்றதையே ஒழுங்கீனமாக எழுதிக் கொடுத்தால் புகார் நிற்காது. அப்புறம் ஒன்று: பார் கவுன்சில் வக்கீலைத் தண்டிக்கலாமே தவிர உங்கள் தீர்ப்பை மாற்ற முடியாது. புகார் அங்கே நிலுவையில் இருக்கும்போதும் மேல்முறையீட்டுக் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.