கஸ்ரிக் குளிசையோடு நிற்காதீர்கள்: வயிற்றுப் பற்றீரியாவைத் தேடிப் பிடிப்பது எப்படி

வன்னியில் அரிவு வெட்டு நேரம் யாரைக் கேட்டாலும் ஒரு கஸ்ரிக் கதை சொல்வார்கள். காலமை வெறும் வயிற்றில் பிளேன்ரீ, மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு, நெஞ்செரிந்தால் பாமசியில் அமிலம் குறைக்கும் ஒமிப்பிரசோல் குளிசை ஒரு அட்டை. எரிவு அடங்கினதும் வருத்தம் மாறிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அல்சருக்குப் பெரிய காரணங்களில் ஒன்றான ஹெலிகோபக்டர் பைலோரி என்ற பற்றீரியா, எரிவே இல்லாமல் வருடக்கணக்காக வயிற்றில் குடியிருக்கக் கூடியது.

அது எப்படி என்று விளங்கினால் மிச்சம் எல்லாம் லேசு. கிருமி உள்ளே வந்ததும் நோயெதிர்ப்புக் கலங்கள் திரண்டு அடிக்கத் தொடங்கும், அந்தச் சண்டையில் வயிற்றின் உட்சுவரும் சேர்ந்து புண்படும். அதைத் தடுக்க நோயெதிர்ப்புக் கலங்களிலேயே ஒழுங்காக்கும் ரி-கலங்கள் என்று ஒரு கூட்டம் அங்கே சேர்ந்து, ஐஎல்-10 போன்ற பதார்த்தங்களைச் சுரந்து மற்றக் கலங்களை அடக்கும். வரம்பு உடையாமல் இருக்கத் துருசை இறக்கிவிடுகிற மாதிரி. சுவர் தப்பும், ஆனால் கிருமியும் தப்பும். எலிகளில் இந்தக் கலங்களை அகற்றிப் பார்த்தபோது அழற்சி கூடியது, பற்றீரியா குறைந்தது. இந்தக் கலங்களைப் பற்றிய அடிப்படைக் கண்டுபிடிப்புகளுக்காகத்தான் 2025இல் சகாகுச்சி, பிரங்கோ, ராம்ஸ்டெல் மூவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது.

ஆகவே நோவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், பரிசோதனையை வைத்துப் போடுங்கள். அல்சர் வந்தவர்கள், வீட்டில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் இருந்தவர்கள், மூட்டு நோவுக்கு நீண்ட காலம் குளிசை போடப் போகிறவர்கள் கட்டாயம் டொக்டரிடம் இதைக் கேட்க வேண்டும். இந்தப் பற்றீரியாவை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1994இலேயே புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்திவிட்டது.

மூச்சுப் பரிசோதனை, மலப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பியில் எடுக்கும் சதைத்துண்டு, இந்த மூன்றில் எது உங்களுக்குக் கிட்டவாகக் கிடைக்கும் என்று கேளுங்கள். மூச்சுப் பரிசோதனையில் யூரியா கலந்த ஒரு பானத்தைக் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரத்தால் ஒரு பைக்குள் ஊத வேண்டும். கிருமி இருந்தால் தன் யூரியேசு நொதியத்தால் அந்த யூரியாவை உடைக்கும், அதிலிருந்து வரும் காபனீரொட்சைட்டு மூச்சில் பிடிபடும். இரத்தத்தில் பார்க்கும் அன்ரிபொடி பரிசோதனையை மட்டும் நம்ப வேண்டாம், பழைய தொற்றா இப்போது இருப்பதா என்று அது பிரித்துச் சொல்லாது.

இங்கேதான் கனபேர் சறுக்குகிறார்கள்: பரிசோதனைக்கு முன் இரண்டு கிழமை ஒமிப்பிரசோல் போன்றவையும், நாலு கிழமை அன்ரிபயோரிக்கும் எடுத்திருக்கக் கூடாது. எடுத்தால் கிருமி அடங்கிக் கிடக்கும், இருக்கிற கிருமியையே இல்லை என்று ரிப்போர்ட் சொல்லிவிடலாம். அல்சரில் இரத்தம் கசிந்தவர்கள் மட்டும் டொக்டரைக் கேட்காமல் ஒமிப்பிரசோலை நிறுத்தவே வேண்டாம்.

கிருமி இருப்பது உறுதியானால் பெரும்பாலும் 14 நாள் மருந்து, இரண்டு மூன்று அன்ரிபயோரிக்கோடு அமிலம் குறைக்கும் குளிசையும் வரும். பெனிசிலின் ஒத்துவராதென்றால் முதலே சொல்லிவிடுங்கள். கிளாரித்திரோமைசின் என்ற அன்ரிபயோரிக் வாயைக் கசக்க வைக்கும், மெற்றோனிடசோல் என்ற இன்னொன்றை எடுக்கிற நாட்களில் சாராயம், கள் தொடக் கூடாது. பிஸ்மத் என்ற மருந்தையும் சேர்த்துத் தந்தால் மலம் கறுக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் பிஸ்மத்தோ இரும்புக் குளிசையோ எடுக்காத ஒருவருக்குத் தார் போலக் கறுத்து மலம் போனாலோ, யாருக்காவது இரத்தம் வாந்தியாக வந்தாலோ இரவென்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். ஐந்தாம் நாள் சுகமாகத் தெரியும், அப்போதுதான் மருந்தை விடத் தோன்றும், விடாதீர்கள். பாதியில் விட்டால் தப்பின கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும்.

எல்லாம் முடிந்து குறைந்தது நாலு கிழமைக்குப் பிறகு திரும்பவும் மூச்சோ மலமோ பரிசோதிக்க வேண்டும், நோவு இல்லை என்பதை மட்டும் வைத்துக் கிருமி போனதா என்று சொல்ல முடியாது. இடையில் யாராவது எதிர்ப்புச் சக்தி கூட்டும் பவுடர் என்று விற்க வந்தால் வாங்காதீர்கள், அந்த ரி-கலங்களைக் கூட்டவோ குறைக்கவோ பவுடரால் ஆகாது, கிருமியைக் கொல்வது அன்ரிபயோரிக்தான்.