காய்ச்சலோடு வண்டி ஓட்டி வேலைக்கு வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் செவ்வாய்க்கிழமை. முதல் ஷிப்ட் ஆறு மணிக்கு. ஐந்தே முக்காலுக்கு ஸ்டாண்டில் ஸ்ப்ளெண்டரை நிறுத்திய தம்பி ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றுகொண்டிருந்தான். கிட்டப் போய்ப் பார்த்தால் உள்ளே பல் தந்தியடிக்கிறது. மணிக்கட்டைத் தொட்டேன், கொதித்தது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து செக்கானூரணி, திருமங்கலம் வழியாக மதுரைப் பக்கம் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை வரைக்கும் அந்த உடம்போடு இருட்டில் ஓட்டி வந்திருக்கிறான்.

"ஏன்டா வந்தே?"

"லீவு சொன்னா திட்டுவாங்கண்ணே. மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டிருக்கேன், சரியாயிரும்."

இதே பேச்சை நானும் பேசியிருக்கிறேன். வாடிப்பட்டியிலிருந்து சமயநல்லூர் வந்து, நான்குவழிச் சாலையில் ஏறி, துவரிமான், நாகமலைப் புதுக்கோட்டை தாண்டிக் கப்பலூர். 19 வருஷமாக இதுதான் என் பாதை. புதிதாகச் சேருகிற பையன்கள் நான் பட்ட அதே இடத்தில் போய் முட்டிக்கொள்வதைப் பார்க்கும்போது மனசு ஆறவில்லை. ரெயின்கோட் எடுத்துக்கொள், ஹெல்மெட் போடு என்பதெல்லாம் எல்லாரும் சொல்வது, அதை விட்டுவிடுகிறேன்.

மெடிக்கல் மாத்திரையைப் போட்டுவிட்டு வண்டியை எடுப்பது

"காய்ச்சல், சளி, உடம்பு வலி" என்று சொன்னால் மெடிக்கலில் ஒரு சின்னக் காகிதக் கவரில் நாலு மாத்திரை போட்டுத் தருவார்கள். என்ன மாத்திரை என்று கவரில் எழுதியிருக்காது. சளிக்கும் தும்மலுக்கும் கொடுக்கிற மாத்திரைகளில் பல தூக்கத்தைக் கொண்டுவருபவை. போட்டு ஒரு மணி நேரத்தில் கண் சொக்கும். அந்த நேரத்தில் நீங்கள் லாரிக்குப் பின்னால் அறுபதில் போய்க்கொண்டிருப்பீர்கள்.

வலிக்கான மாத்திரை இன்னும் மோசம். வந்திருப்பது டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரின், இப்யூப்ரோஃபென், டைக்லோஃபெனாக் மாதிரியானவை ரத்தக் கசிவை அதிகப்படுத்தும். டாக்டரைப் பார்க்கிற வரைக்கும் காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும் போதும்.

நண்பனிடம் சொல்லி அனுப்புவது

"மச்சான், சூப்பர்வைசர்கிட்ட சொல்லிருடா." இப்படிச் சொல்லி அனுப்பிய லீவு பாதி நாள் போய்ச் சேருவதே இல்லை. நண்பன் மறந்துவிடுவான், அல்லது கேட்டில் யாரிடமோ சொல்லிவிட்டுப் போய்விடுவான். சாயங்காலம் ரிஜிஸ்டரில் 'ஆப்சென்ட்' விழுந்திருக்கும். ஷிப்ட் தொடங்கும் முன்பே நீங்களே போன் செய்யுங்கள். செய்த கையோடு தேதி, நேரம், காரணம் போட்டு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புங்கள். பேசியதை யாரும் மறுக்கலாம், அனுப்பிய வரி அப்படியே இருக்கும்.

முதல் நாளே டாக்டர் முன்னால் போய் நிற்காதது

இதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

2017 அக்டோபர். தமிழ்நாடு முழுக்க டெங்கு பரவியிருந்த நேரம். நைட் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று மத்தியானம் காய்ச்சல் ஆரம்பித்தது. கண்ணுக்குப் பின்னால் குத்துகிற மாதிரி வலி, முதுகை யாரோ கட்டையால் அடித்த மாதிரி. அம்மா நிலவேம்புக் குடிநீர் காய்ச்சிக் கொடுத்தார். நான் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்தேன். சம்பளத்தில் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கு, பணம் பிடிக்கிறார்கள் என்பது தெரியும். தத்தனேரியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருப்பதும் தெரியும். ஆனால் "அங்கே போனால் அரை நாள் க்யூவில் நிற்கணும், ரெண்டு நாள் காய்ச்சலுக்கு எதுக்கு" என்று நினைத்தேன். மூன்று நாள் அப்படியே போயிற்று.

நான்காம் நாள் காலையில் உடம்பு ஜில்லென்று இருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று சந்தோஷமாக வண்டியை எடுத்தேன். துவரிமான் தாண்டியதும் அடிவயிற்றில் வலி, அப்புறம் வாந்தி. ஓரம் கட்டினேன். கிளட்சைப் பிடித்திருந்த விரல்களைத் திறக்க முடியவில்லை, வெளுத்துப்போய் விறைத்திருந்தன. பால் வண்டிக்காரர் ஒருவர்தான் என்னை ஏற்றிக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ப்ளேட்லெட் 22,000. ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டியது.

டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் கண்டம். காய்ச்சல் தொடங்கி மூன்றிலிருந்து ஏழு நாளுக்குள் சூடு இறங்கும். அதற்கு அடுத்த ஒன்றிரண்டு நாளில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசிகிறது, பிரஷர் சரிகிறது. வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், எழ முடியாத சோர்வு, இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைதான். காய்ச்சல் விட்டது என்று நாம் வண்டியை எடுக்கிற நாளும் அந்த நாளும் ஒன்றாக வந்து விழுகிறது. எனக்கு இதைச் சொல்ல அன்று யாரும் இல்லை. முதல் நாளே டாக்டரிடம் போயிருந்தால் சொல்லியிருப்பார்.

ஏழு நாள் படுக்கை. பில் 31,000 ரூபாய். வீட்டுக்கு வந்து நாலு நாள் ஓய்வு. மொத்தம் 14 நாள்.

இனிமேல்தான் காகிதத்தின் கதை. இ.எஸ்.ஐ.யில் இருக்கிற தொழிலாளிக்கு நோய்வாய்ப்பட்ட நாட்களுக்குச் சராசரி தினக்கூலியில் 70 சதவீதம் கிடைக்கும், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும். முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது, மூன்றாம் நாளிலிருந்துதான் கணக்கு. முன்பு பணம் வாங்கிய நோய் முடிந்து 15 நாளுக்குள் திரும்பவும் படுத்தால் அந்த இரண்டு நாள் கழிவும் இல்லை. ஆனால் இதெல்லாம் ஓடத் தொடங்குவது இ.எஸ்.ஐ. டாக்டர் எழுதிக் கொடுக்கிற சர்டிபிகேட்டிலிருந்து. அவர் முன்னால் நாம் போய் நிற்கிற தேதியைத்தான் அவர் எழுதுவார். 'போன திங்கட்கிழமையிலிருந்தே காய்ச்சல் சார்' என்று சொன்னால் பின்தேதி போட மாட்டார்.

நான் போய் நின்றது டிஸ்சார்ஜ் ஆன பிறகு. மிச்சம் இருந்த நாலு நாள் ஓய்வுக்குத்தான் சர்டிபிகேட் கிடைத்தது. அதில் முதல் இரண்டு நாள் கழிய, மீதி இரண்டு நாள். அப்போது என் தினக்கூலி 500 ரூபாய். 70 சதவீதம் 350, இரண்டு நாளுக்கு 700 ரூபாய். முதல் நாளே போயிருந்தால் 12 நாளுக்கு 4,200 ரூபாய் வந்திருக்கும், இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் படுத்திருந்தால் அந்த 31,000-மும் மிஞ்சியிருக்கும். தனியார் மருத்துவமனைக் காகிதங்களை வைத்து எழுதிக் கேட்க ஒரு வழி இருக்கிறது, ஆனால் ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் கையில். நான் அதைக்கூடச் செய்யவில்லை. மாதம் 13,000 சம்பளத்தில் அன்றைய கணக்குப்படி 1.75 சதவீதம், 227 ரூபாய்க்கு மேல், வருஷக்கணக்காக என் கையிலிருந்து போய்க்கொண்டிருந்தது. அதன் பயன் தேவைப்பட்ட ஒரே சமயத்தில் நான் அதன் வாசலுக்குப் போகவில்லை.

கம்பெனியில் அதைவிட மோசம். முதல் பத்து நாளுக்கு என்னிடம் உரிய நாளில் கொடுத்த காகிதம் எதுவும் இல்லை. எல்லாம் சம்பளமில்லா விடுப்பு. அந்த மாத அட்டெண்டன்ஸ் போனஸும் போயிற்று. அன்றைய மேற்பார்வையாளர், "டெங்குவா இருந்தா அன்னைக்கே சொல்லியிருக்கணும்ல" என்றார். அந்த வார்த்தை எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஆனால் எழுத்தில் காட்ட என்னிடம் எதுவும் இல்லை.

ஆகவே தம்பிகளே, காய்ச்சல் என்றால் முதல் நாளே இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்கோ மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். வண்டியில் வேண்டாம், பஸ்ஸிலோ, யாராவது பின்னால் உட்கார்த்திக்கொண்டோ. பத்து இலக்க இ.எஸ்.ஐ. நம்பரைப் போனில் ஏற்றி வையுங்கள், பர்ஸிலும் எழுதி வையுங்கள். முதலில் ஒரு சர்டிபிகேட் தருவார்கள். நோய் நீண்டால் ஏழு நாளைக்கு ஒரு தடவையாவது போய் அடுத்ததை வாங்க வேண்டும். வேலைக்குத் திரும்பும் முன் கடைசிச் சர்டிபிகேட். நடுவில் ஒன்று விட்டுப்போனாலும் அந்த நாட்களுக்குச் சிக்கல். ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து அன்றே கம்பெனிக்கு அனுப்பிவிடுங்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: நோய்க்காலப் பணம் வாங்கிக்கொண்டிருக்கிற நாட்களில் ஒரு தொழிலாளியை வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ முதலாளிக்கு உரிமை இல்லை. "லீவு சொன்னா திட்டுவாங்க" என்று பயப்படுகிறவர்கள் இதை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

"சேர்ந்து ஆறு மாசம்தானே ஆச்சு, நமக்கு என்ன கிடைக்கும்"

பணம் கிடைக்காதுதான். வாழ்க்கையில் முதல்முறையாக இ.எஸ்.ஐ.யில் சேர்ந்தவருக்கு ஒன்பது மாதம் கழித்துத்தான் நோய்க்காலப் பணம் தொடங்கும். ஆனால் சிகிச்சை முதல் நாளிலிருந்தே உண்டு, சர்டிபிகேட்டும் உண்டு. அது கையில் இருந்தால் நீங்கள் சொல்லாமல் நின்ற ஆள் இல்லை என்பதற்குச் சாட்சி இருக்கிறது.

பழைய ஆட்களுக்கு ஒரு கணக்கு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாளுக்காவது உங்கள் பெயரில் இ.எஸ்.ஐ. கட்டியிருந்தால்தான் அடுத்த ஜனவரியிலிருந்து ஜூன் வரை பணம் கேட்க முடியும். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது ஜூலை முதல் டிசம்பருக்கு உதவும். அடிக்கடி சொல்லாமல் நின்று சம்பளத்தை இழக்கிறவர்கள் இந்த 78-லும் குறைவார்கள்.

மாதச் சம்பளம் 21,000-க்கு மேல் போனவர்களுக்கு இ.எஸ்.ஐ. இல்லை. கடை, ஆபீஸில் இருப்பவர்களுக்குத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947 வருஷத்துக்கு 12 நாள் வரை நோய் விடுப்பும் 12 நாள் வரை தற்செயல் விடுப்பும் சம்பளத்தோடு தருகிறது. டவுன்ஹால் ரோட்டில் ஜவுளிக்கடையில் நிற்கிற எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

பாலத்தடித் தண்ணீரில் வண்டியைத் தள்ளுவது

ஐப்பசி மழை ஒரு மணி நேரம் அடித்தால் போதும், மணிநகரம் கர்டர் பாலத்துக்குக் கீழே குளம்தான். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு வண்டியைத் தள்ளுகிறார்கள். அந்தத் தண்ணீரில் சாக்கடையும் எலி மூத்திரமும் கலந்திருக்கும். காலில் சின்ன வெடிப்பு இருந்தாலும் எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போக அது போதும். சுற்றிப் போங்கள். போக வழியில்லை என்றால் ஷூவோடு இறங்குங்கள், வீட்டுக்குப் போனதும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலும், கெண்டைக்கால் வலியும், கண் சிவப்பும் வந்தால், தண்ணீரில் இறங்கியதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்காமல் விட்டாலும் விடுவார்.

வழியில் விழுந்ததை மறைப்பது

வேலைக்கு வரும் வழியில் சறுக்கி விழுந்த ஒரு லோடிங் ஆள், "வீட்ல விழுந்துட்டேன்" என்று எழுதிக் கொடுத்தார். கம்பெனிக்குத் தொந்தரவு வேண்டாம் என்ற நல்ல மனசு. 2010-லிருந்து வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே நடக்கிற விபத்தும், நேரமும் இடமும் வேலையோடு பொருந்தினால், வேலைக்காயமாகவே கொள்ளப்படுகிறது. அதற்கு 70 இல்லை, 90 சதவீதம். 78 நாள் கணக்கும் கேட்க மாட்டார்கள். அவர் எழுதிய அந்த ஒரு வரியால் அத்தனையும் போயிற்று. நடந்ததை நடந்தபடி, அன்றே, எழுத்தில் கொடுங்கள்.

பொய்ச் சர்டிபிகேட்

வேண்டவே வேண்டாம்.

சர்டிபிகேட் நாட்களில் வேறு வேலைக்குப் போவது

பணமும் நிற்கும், பேரும் கெடும்.

அந்தத் தம்பியை அன்று ஷெட்டுக்குள் விடவில்லை. வண்டிச் சாவியை வாங்கி என் லாக்கரில் வைத்துவிட்டு, டெலிவரி வேனில் தத்தனேரிக்கு ஏற்றி அனுப்பினேன். பதினோரு மணிக்குச் சர்டிபிகேட்டின் போட்டோ வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் கூப்பிட்டான். "அண்ணே, காய்ச்சல் விட்ருச்சு, நாளைக்கு வரட்டுமா?" என்றான். ரத்தப் பரிசோதனை என்ன சொல்கிறது என்று கேட்டேன். இன்னும் பார்க்கவில்லை என்றான். "பார்த்துட்டு, கடைசிச் சர்டிபிகேட் வாங்கிக்கிட்டு, பஸ்ல வா. சாவி இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை அவன் மிஷினுக்கு வேறு ஆளை எழுதினேன்.