பட்டியல் வராத ஊரில் பிள்ளைகளைப் பாராட்டுவது எப்படி

முன்பெல்லாம் நவம்பர் வந்தால் போதும். மலேசியாவில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிய யுபிஎஸ்ஆர் என்ற அரசுத் தேர்வின் முடிவு வெளியாகும், யார் எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்தார்கள் என்று பள்ளி வாசலிலேயே தெரிந்துவிடும், நாளிதழில் படம் வரும், கோயில் கமிட்டியினர் மாலையோடு வந்து நிற்பார்கள். 2019-இல் நடந்ததுதான் கடைசித் தேர்வு. 2020-இல் கோவிட் காரணமாக ரத்தானது. 2021-இல் கல்வி அமைச்சு அந்தத் தேர்வையே நிறுத்திவிட்டது. அடுத்த ஆண்டு இடைநிலைப்பள்ளியின் மூன்றாம் படிவத் தேர்வான பிடி3-யும் போனது. இப்போது வகுப்பிலேயே மதிப்பிட்டு 1 முதல் 6 வரை அடைவுநிலை போடுகிறார்கள், ஆண்டிறுதித் தேர்வும் இருக்கிறது. ஆனால் ஊரே கூடிப் பேசுகிற மாதிரி ஒரு பட்டியல் வருவதில்லை. பட்டியல் இல்லை என்பதற்காகப் பாராட்டு விழாவையே கைவிட்ட இடங்கள் எங்கள் பக்கம் உண்டு. அது எனக்குப் பொறுக்கவில்லை. பட்டியல் தானாக வராவிட்டால் நாம்தான் தேடிப் போய் எழுத வேண்டும். எப்படித் தேடுவது, எப்படி எழுதுவது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

நான் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறேன். சின்னச் சின்ன அச்சு வேலையும் உண்டு. எல்பில், டோவன்பி, சங்காட் சாலாக் என்று சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். நானும் லயத்து வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள்தான். பரிசளிப்பு விழாக்களுக்கு நற்சான்றிதழ் அடித்துக் கொடுத்துக் கொண்டிருந்தவள், இப்போது முன்னாள் மாணவர் குழுவுக்குச் செயலாளராக இருந்து அந்த விழாவையே ஏற்பாடு செய்கிறேன்.

முதலில் எத்தனை பேர் என்று முடிவு செய்யுங்கள். எண்பது பிள்ளைகளை வரிசையாக ஏற்றி ஆளுக்கொரு கேடயம் கொடுத்தால், வீட்டுக்குப் போகும்போது யாருக்கும் எதுவும் நினைவிருக்காது. ஒரு சிறிய ஊருக்குப் பத்து, பன்னிரண்டு பேர் போதும். ஒவ்வொருவருக்கும் மேடையில் மூன்று நிமிடமாவது கிடைக்க வேண்டும். தொடக்கப்பள்ளி, இடைநிலைப்பள்ளி இரண்டிலிருந்தும் எடுங்கள். படிப்பிலோ போட்டியிலோ சாதித்தவர்கள், ஓர் ஆர்வத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள், பிறருக்கு உழைத்தவர்கள் என மூன்று வகையிலும் ஆள் இருக்கட்டும். மூன்றும் ஒரே பிள்ளையிடம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால், ஆண்டுதோறும் அதே மூன்று வீட்டுப் பிள்ளைகள்தான் மேடை ஏறுவார்கள்.

அப்புறம் தேடல். ஆசிரியர்களிடம் கட்டாயம் கேளுங்கள். ஆனால் அவர்களோடு நிறுத்திவிடாதீர்கள். கேண்டீன் அக்கா, பள்ளி வேன் ஓட்டுபவர், கோயில் பூசாரி, தோட்டத்து மண்டோர் (மேற்பார்வையாளர்), உறுமி மேளக் குழுவை நடத்தும் அண்ணன், இவர்கள் எல்லாரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பவர்கள். கேட்கிற கேள்வியும் முக்கியம். "யார் கெட்டிக்காரப் பிள்ளை?" என்று கேட்டால் வகுப்பில் முதலாவதாக வருகிறவரின் பெயர்தான் வரும். "அண்மையில் எந்தப் பிள்ளை செய்ததைப் பார்த்து நீங்கள் அசந்து போனீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரம் யோசிப்பார்கள். பிறகு வரும் பெயர் நீங்கள் எதிர்பார்க்காத பெயராக இருக்கும்.

எங்களுக்கு அப்படிக் கிடைத்தவர் ஐந்தாம் ஆண்டு மாணவர் ஒருவர். "அந்தப் பையன் எலும்பு பொறுக்குகிறான்" என்று கேண்டீன் அக்காதான் சொன்னார். செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டில் எலித் தொல்லையைக் குறைக்கக் கம்பம் நட்டு ஆந்தைப் பெட்டி வைப்பார்கள், பார்த்திருப்பீர்கள். ஆந்தை எலியை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கும். இந்தப் பையன் அந்த உருண்டைகளைக் கையுறை போட்டுப் பொறுக்கி, வெயிலில் காயவைத்து, ஊசியால் பிரித்து, எலி மண்டையோடுகளைத் தனியாக எடுத்துப் பயிற்சிப் புத்தகத்தில் ஒட்டியிருந்தார். பக்கத்துக்குப் பக்கம் தேதி. பெட்டியைச் சோதிக்க வருகிறவர் ஏணியில் ஏறிப் பார்த்துச் சொல்லும் முட்டைக் கணக்கும் குஞ்சுக் கணக்கும் பென்சிலில். அவர் பாட்டிக்கு ஆந்தை அலறினாலே அபசகுனம். பேரனோ அந்தக் குரலைக் கேட்டதும் மணி பார்த்துக் குறித்து வைக்கிறார். கணிதத்தில் நடுத்தரமான மாணவர். எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் வந்திருக்காது.

பெயர் கிடைத்ததும் வீட்டுக்குப் போங்கள். தொலைபேசியில் முடிக்கிற காரியம் இல்லை இது. இருவராகப் போவது நல்லது, அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். தோட்டத்தில் வேலை செய்பவர்கள் குளித்து ஓய்ந்திருக்கும் மாலை நேரமாகப் பாருங்கள். பெற்றோரிடம் முதலில் விஷயத்தைச் சொல்லி, பெயரையும் படத்தையும் பயன்படுத்தச் சம்மதமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு பிள்ளையிடம் "உன்னைப் பற்றிச் சொல்லு" என்று கேட்காதீர்கள், வாய் திறக்காது. "நீ செய்ததைக் காட்டு" என்று கேளுங்கள். புத்தகத்தை எடுத்து வருவார், மேளத்தை எடுத்து வருவார், செடியிடம் அழைத்துப் போவார். காட்டும்போது பேச்சு தானாக வரும். அந்தச் சொற்களை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

உறுமி மேளம் என்றதும் முகம் சுளிக்கும் பெரியவர்கள் உண்டு. படிப்பு கெட்டுவிடும், கூட்டாளி சரியில்லாமல் போய்விடும் என்பார்கள். அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் பள்ளி விட்டதும் தவறாமல் பயிற்சிக்குப் போய், தம்பிமார்களுக்கு அடி சொல்லிக்கொடுத்து, திருவிழா முடிந்து வீடு திரும்பியதும் வீட்டுப்பாடத்தை எடுத்து உட்காரும் பையனை நாமே ஒதுக்கிவிட்டால், அவர் வேறு எங்கே பாராட்டுத் தேடிப் போவார்? சிலம்பம், கபடி, சைக்கிள் பழுதுபார்ப்பது, மீன் வளர்ப்பது எல்லாம் ஆர்வம்தான். எவ்வளவு காலமாகச் செய்கிறார், தானாகக் கற்றது என்ன, பிறருக்குச் சொல்லிக்கொடுக்கிறாரா என்று மூன்றை மட்டும் பாருங்கள்.

சமூகச் சேவைதான் மிகவும் கவனமாகக் கையாள வேண்டிய பகுதி. ஊர் கூடித் துப்புரவு செய்யும் கோத்தோங் ரோயோங் நடந்த அன்று துடைப்பத்தோடு எடுத்த படம் எல்லாரிடமும் இருக்கிறது. அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். உதவி பெற்றவரிடம் போய்க் கேளுங்கள். 2021-இல் கோவிட் தடுப்பூசிக்கு அரசின் மைசெஜாத்ரா செயலியில் பதிய வேண்டியிருந்தது அல்லவா? கைப்பேசி பழக்கமில்லாத பெரியவர்கள் தவித்துப் போனார்கள். ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் என் கடையில் அடையாள அட்டையை நகலெடுக்க வந்தபோது, "அந்தப் பாப்பாதாம்மா எங்க லயத்துக்கே பதிஞ்சு குடுத்துச்சு" என்றார். இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவ மாணவி. கோயில் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொருவர் விவரத்தையும் கேட்டுப் பதிந்திருக்கிறார். தேதி வந்ததும் வீடு வீடாகப் போய் நினைவுபடுத்தியிருக்கிறார். பள்ளியில் யாருக்கும் இது தெரியாது.

இன்னொரு வகைப் பிள்ளையும் உண்டு. படுக்கையில் இருக்கும் பாட்டியைக் குளிப்பாட்டிவிட்டுப் பள்ளிக்கு வருபவர், அம்மா வேலைக்குப் போனதும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்பவர். அதை மேடையில் சொல்லலாமா என்பதை அந்தப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அவருடைய வேறொரு திறமையைச் சொல்லிப் பாராட்டுங்கள். 'ஏழை மாணவர்', 'வசதி குறைந்த குடும்பம்', 'குடிகாரத் தந்தை' போன்ற சொற்கள் மேடையில் ஒருபோதும் வரக்கூடாது. இதில் எங்கள் குழுவில் விதிவிலக்கே கிடையாது. கைதட்டல் வாங்குவதற்காக ஒரு குடும்பத்தின் கஷ்டத்தை ஊர் முன்னால் பிரித்துப் போட நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இனி எழுதுவது. என் கடையில் அடிக்கும் நற்சான்றிதழ்களில் பெரும்பாலும் ஒரே வாசகம்தான்: "கல்வியிலும் ஒழுக்கத்திலும் சிறந்து விளங்கியமைக்காக." பெயரை மட்டும் மாற்றினால் யாருக்கும் பொருந்தும். நீங்கள் எழுதுவது ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும் பொருந்த வேண்டும். ஆந்தைப் பையனுக்கு நாங்கள் எழுதியது இது:

"அப்பா வேலை செய்யும் செம்பனைக் காட்டில் நான்கு ஆந்தைப் பெட்டிகளை இந்த ஆண்டு முழுவதும் கவனித்து வந்தார். எந்தப் பெட்டியில் எப்போது முட்டை இருந்தது, எத்தனை குஞ்சுகள் பறந்தன என்று தேதியோடு எழுதி வைத்திருக்கிறார். ஆந்தைகள் தின்ற எலிகளை மண்டையோட்டை வைத்து எண்ணியிருக்கிறார். ஆந்தையைக் கண்டால் கல்லெறிந்துகொண்டிருந்த நண்பர்கள் இப்போது இவரோடு சேர்ந்து பெட்டி பார்க்கப் போகிறார்கள்."

'மிகச் சிறந்த', 'தலைசிறந்த', 'ஒப்பற்ற' என்று ஒரு சொல்லும் இல்லை, கவனித்தீர்களா? என்ன செய்தார் என்று மட்டும் சொன்னோம். மண்டபத்தில் பின்வரிசையில் இருந்த மண்டோர் தாத்தா எழுந்து நின்று கைதட்டினார். நான்கைந்து வாக்கியத்துக்கு மேல் போக வேண்டாம். எழுதியதைப் பெற்றோரிடமும் பிள்ளையிடமும் முன்கூட்டியே படித்துக் காட்டுங்கள். தவறு இருந்தால் அவர்கள்தான் திருத்துவார்கள்.

பெயரைப் பிறப்புப் பத்திரத்தைப் பார்த்து ரூமியில் (ரோமன் எழுத்தில்) எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். தமிழில் எப்படி எழுதுவது என்று அந்தப் பிள்ளையிடமே எழுதி வாங்குங்கள். சான்றிதழில் தேதி, நடவடிக்கை, எந்த நிலை (பள்ளியா, மாவட்டமா), பொறுப்பாளரின் கையொப்பம், முத்திரை எல்லாம் இருக்கட்டும். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு யுபியு என்ற பொது விண்ணப்ப முறை வழியாக விண்ணப்பிக்கும்போது தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்விக்கு, 10 விழுக்காடு விளையாட்டு, கழகம் போன்ற புறப்பாடத்துக்கு. நம் சான்றிதழ் கணக்கில் சேருமா என்பதைப் பள்ளியின் புறப்பாட ஆசிரியர்தான் சொல்ல வேண்டும். ஆனால் தேதியும் கையொப்பமும் இல்லாத தாளை வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

கேடயம் வேண்டுமா என்றால், சிறியதாக ஒன்று இருக்கட்டும், பிள்ளைகளுக்கு ஆசைதான். மீதிப் பணத்தில் ஆர்வத்துக்கு ஏற்ற பொருள் வாங்குங்கள். ஆந்தைப் பையனுக்குத் தொலைநோக்கி, வரைகிறவருக்கு நல்ல தாளும் வண்ணமும், பந்தாட்டக்காரருக்குப் புதிய காலணி (அளவு கேட்டு வாங்குங்கள்). ஒருவருக்கு 80 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்தால் பன்னிரண்டு பேருக்கு ஆயிரம் வெள்ளிக்குள் முடிந்துவிடும். ஒரே பெரிய புரவலரைத் தேடி அலைய வேண்டாம், அவர் வரும்போது அவர் பெயர்ப் பதாகையும் வரும். வீட்டுக்கு ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி என்று வாங்குங்கள். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960-இல், எங்கள் ஊர்க்காரரும் அப்போதைய அமைச்சருமான துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில்தான் அந்தச் சங்கம் தோட்டங்களை வாங்கியது. சிறு பணம் சேர்ந்து பெரிய காரியம் செய்வது நமக்குப் பழகிய வழி. பணம் கொடுத்தவர்கள் எல்லாரும் விழாவுக்கும் வருவார்கள்.

விழாவை ஞாயிற்றுக்கிழமை காலையில், தோட்டத்துக் கோயில் மண்டபத்திலோ பள்ளி மண்டபத்திலோ வையுங்கள். பள்ளியில் வைப்பதாக இருந்தால் பெற்றோர் ஆசிரியர் சங்கம் வழியாகத் தலைமையாசிரியருக்கு முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். ஈப்போ ஹோட்டலில் நடத்தினால் படம் அழகாக வரும், பாட்டிமார்கள் வரமாட்டார்கள். கடவுள் வாழ்த்து முடிந்ததும் நேராகப் பிள்ளைகளிடம் வந்துவிடுங்கள். பிரமுகர் உரை அதற்குப் பிறகு, ஐந்து நிமிடம். அழைக்கும்போதே பணிவாகச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். பரிசைப் பிரமுகர் கையால்தான் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. அந்த மாணவிக்கு நாங்கள் பொன்னாடை போர்த்தச் சொன்னது அவர் பதிந்துகொடுத்த லயத்துப் பாட்டியை. மேடைக்கு அப்பா அம்மாவையும் ஏற்றுங்கள். கூச்சப்படும் பிள்ளையைப் பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். மண்டபத்தின் ஓரத்தில் மேசை போட்டு அவர்களின் புத்தகம், படம், கருவிகளைப் பார்வைக்கு வைத்தால், சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் அங்கேதான் கூடுவார்கள், கூச்சப்பட்ட பிள்ளையும் அங்கே பேசிவிடும்.

விழா முடிந்த பிறகு ஒரு வேலை இருக்கிறது, பலர் இதை யோசிப்பதில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளை, அடுத்து ஒரு பெரிய தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போகிறது. அங்கே அதை யாருக்கும் தெரியாது. அதனால் பாராட்டுக் குறிப்பை மலாய் மொழியிலும் ஒரு பக்கம் எழுதி, சான்றிதழ் நகலோடு சேர்த்துக் கோப்பில் போட்டுப் பெற்றோரிடம் கொடுங்கள். முதலாம் படிவம் தொடங்கும் வாரத்தில் வகுப்பாசிரியரிடம் ஒரு நகலும், அந்தப் பிள்ளையின் ஆர்வத்துக்கு ஏற்ற கழகத்தின் பொறுப்பாசிரியரிடம் ஒரு நகலும் சேர வேண்டும். அப்பா அம்மாவுக்கு மலாயில் பேசத் தயக்கமாக இருந்தால், குழுவிலிருந்து ஒருவர் கூடப் போய் வாருங்கள்.